உள்ளே போன லாரி

மே மாதம். தரமணி, நான்காவது மாடி.
ஏசி ஓடுகிறது, குழாய் ஓடவில்லை.
பாத்ரூம் வாசலில் ஒரு நீல டிரம், அதில் ஒரு மக்.
நான் பார்த்துக்கொண்டிருப்பது
தண்ணீர் லாரிகளின் அட்டவணையை.

நிரப்பும் இடத்தில் முன்வாசல் கருவி
வண்டியின் பட்டையைப் படித்து
000A3F என்கிறது.
பின்வாசல் கருவி வேறு கம்பெனி.
அதற்கு அது வெறும் a3f.
ஆகவே கணக்குப்படி
உள்ளே போன லாரி வெளியே வரவில்லை.
வெளியே வந்த லாரி உள்ளே போகவே இல்லை.
ஏப்ரலில் நாற்பத்தொரு நடை,
ஏகாம்பரத்துக்குக் கூலி பாஸாகவில்லை.

போனில் கேட்டார்:
"வண்டி ஒண்ணுதான் மேடம். ஓட்டுறவனும் ஒருத்தன்தான்.
உங்க கம்ப்யூட்டருக்கு மட்டும் ஏன் ரெண்டா தெரியுது?"

தப்பு என்னுடையது.
மூன்று வருடம் முன்னால், ஏதோ ஒரு வெள்ளிக்கிழமை அவசரத்தில்
அந்தப் பத்தியை 'டெக்ஸ்ட்' என்று அறிவித்தவள் நான்.
எழுத்தாகப் பார்த்தால்
பெரிய A வேறு, சின்ன a வேறு.
10 என்பது 9க்கு முன்னால் வந்து நிற்கும்,
கேட்டால் ஒன்றுதான் முதல் எழுத்து என்னும்.
எண்ணாக மாற்றினாலோ
முன்னால் நிற்கும் சுழியமெல்லாம் உதிர்ந்துவிடும்.
நம் எழுத்தில் இந்தத் தொல்லை கிடையாது.
பெரிய அ, சின்ன அ என்று
ஒரு டீச்சரும் போர்டில் எழுதிப் போட்டதில்லை.

எண்ணுமில்லாத, எழுத்துமில்லாத
புதிய வகை ஒன்று செய்ய வேண்டும்.
இர்ஃபானா நாற்காலியை இழுத்துக்கொண்டு வந்தாள்.

வகைக்கும் இரண்டு வாசல்.
முன்வாசலில் சோதனை: சுழியம் முதல் ஒன்பது வரை,
A முதல் F வரை, பெரிதோ சிறிதோ, வரலாம்.
நைட் ஷிஃப்டில் யாரோ
சுழியத்துக்குப் பதில் O தட்டியிருந்தார்கள்.
அதற்கு நான் எழுதிய பிழைச் செய்தி:
'இந்த எழுத்து பதினாறில் சேர்த்தி இல்லை.'
"கல்யாண மண்டபத்தில பந்தியிலேர்ந்து எழுப்பி விடுற மாதிரி இருக்கு"
என்றாள் இர்ஃபானா. மாற்றவில்லை.

உள்ளே, இரண்டிரண்டு பேராக ஒரு பைட்டில்
ஷேர் ஆட்டோவில் முழங்காலை மடக்குவதுபோல் மடக்கினோம்.
பாதி இடம் மிச்சம்.
சமம், சிறிது, பெரிது. ஒவ்வொன்றுக்கும் ஒரு செயலி.
பிறகு ஹாஷ்.
சமம் என்று சொன்ன இரண்டுக்கும்
ஒரே ஹாஷ் வந்தாக வேண்டும்.
வராவிட்டால் சமம் என்று சொன்னதே பொய்.

சுழியத்தில்தான் சண்டை.
"முன்னாடி நிக்கிற ஸீரோவுக்கு என்ன மதிப்பு?"
"மதிப்பு இல்ல. இடம் இருக்கு."
ஒரு மணிக்கு டீ ஆறிப்போய், சமரசம்:
அறிவிக்கும்போதே அகலத்தைச் சொல்லிவிட வேண்டும்.
ஆறு என்றால் ஆறு.
காலி இருக்கையிலெல்லாம் சுழியம் உட்காரட்டும்.
நாளைக்கு எவனாவது ஏழு இலக்கத்தில்
பட்டை அடித்துக்கொண்டு வந்தால் என்ன என்பதை
இருவரும் கேட்கவில்லை.

பெயர் வைக்கும் வேலை எனக்கு.
வீசம் என்று வைத்தேன்.
ஒன்றைப் பதினாறாகக் கிழித்தால் ஒரு துண்டு.
"யாருக்குப் புரியும்?" என்றாள்.
"varchar மட்டும் எவனுக்குப் புரியுது?"

மூன்று மணிக்கு ஓடவிட்டோம்.
ஆயிரத்து நூற்றுச் சொச்சம் லாரிகள்
அறுநூற்று இரண்டாகச் சுருங்கின.
ஏகாம்பரம் ஒருவர் ஆனார்.
அவருடைய நாற்பத்தொரு நடையும்
உள்ளே போய் வெளியே வந்து முடிந்தன.

ஆனால் நாலு வண்டி.
இரவு பதினொன்றுக்குமேல் உள்ளே போகிறவை.
எல்லா எழுத்தையும் ஒன்றாக்கிப் பார்த்துவிட்டேன்,
சுழியத்தைச் சேர்த்தும் எடுத்தும் பார்த்துவிட்டேன்.
பின்வாசலில் அவை இல்லை.
இது வகையின் கோளாறு இல்லை.

இர்ஃபானா டிரம்மிலிருந்து ஒரு மக் மொண்டு
முகம் கழுவிக்கொண்டு வந்தாள்.
நான் அந்த நாலு எண்ணையும்
ஒரு தாளில் எழுதிக்கொண்டிருந்தேன்,
பெரிய எழுத்தில்.